சொட்டு சொட்டா ஒரு வினைச்சொல்

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்கு நாலாவது நாள். தினமும் நாலு வேளை சொட்டு மருந்து விடணும், அது என் பொறுப்பு. மருந்து டப்பாவுல இருந்த சீட்டைப் பிரிச்சுப் படிச்சா, ஒரு சொட்டு 'இன்ஸ்டில்' பண்ணவும்னு போட்டிருக்கு. காலையிலேர்ந்து நான் மல்லுக்கட்டிட்டு இருக்கிறதே இந்த வார்த்தையோடதான்! மொழிபெயர்க்க வந்திருக்கிற ஆசிரியர் கையேட்டுல பக்கத்துக்குப் பக்கம் இதுதான், பிள்ளைங்க மனசுல நேர்மையை இன்ஸ்டில் பண்ணணும், பொறுமையை இன்ஸ்டில் பண்ணணும்னு. கண்ணுக்கும் மனசுக்கும் எப்படி ஒரே வினைச்சொல்? தூக்கம் வரல, அகராதியை எடுத்துட்டு உக்காந்துட்டேன்.

மார்ச் 4, புதன்

லத்தீன்ல 'ஸ்டில்லா'ன்னா சொட்டு. 'இன்ஸ்டில்லாரே'ன்னா சொட்டு சொட்டா உள்ள விடுறது. அவ்வளவுதான், மருந்து சீட்டுல இருக்கிறதுதான் பழைய அர்த்தம், குணத்தையும் எண்ணத்தையும் மனசுல இறக்குறதுங்கிற அர்த்தம் ஆங்கிலத்துல 16ஆம் நூற்றாண்டு வாக்குலதான் வந்து ஒட்டிக்கிச்சு. காய்ச்சி வடிக்கிறதுக்குச் சொல்ற 'டிஸ்டில்' இதோட உடன்பிறப்பு, அது கீழ சொட்டுறது.

பக்கத்துலயே, திரும்பத் திரும்பச் சொல்லி மனசுல பதிய வைக்கிறதுக்கு ஆங்கிலத்துல சொல்ற 'இன்கல்கேட்'டையும் பார்த்தேன். ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல்லைப் போட்டுட்டுப் போறதுதான் வழக்கம், நானும் அப்படித்தான் பண்ணிட்டிருந்தேன். ஆனா அதோட வேர் 'கல்க்ஸ்', குதிகால். குதிகாலால மிதிச்சு மிதிச்சு இறுக்குறது. நம்ம ஊர்ப் பழமொழியில சொன்னா அது அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும், இது சிறு துளி பெரு வெள்ளம். ஒண்ணு இடிக்குது, ஒண்ணு நனைக்குது. இத்தனை வருஷம் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி வெச்சிருந்தோமேன்னு மனசு கேக்கல.

மார்ச் 6, வெள்ளி

முதல் டிராஃப்ட்ல எல்லா இடத்துலயும் 'புகுத்துதல்'னு போட்டிருந்தேன். இன்னிக்கு வாய்விட்டுப் படிச்சப்போ உறுத்துச்சு. விழுமியங்களைப் புகுத்துதல்னா யாரோ கதவை இடிச்சுட்டு உள்ள தள்ளுற மாதிரி இருக்கு.

புகுங்கிற அதே வேர்லேர்ந்து வர்ற இன்னொரு சொல் கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கு, புகட்டு. பால் புகட்டுறது, மருந்து புகட்டுறது. கைக்குழந்தைக்குப் பாலாடையில மருந்து குடுக்கிறதைக் கிட்ட இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், மடியில சாய்ச்சு, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, கடைவாய் ஓரமாத் துளி விட்டுட்டு அப்படியே நிறுத்திடுவாங்க, தொண்டை ஏறி இறங்குறதைப் பார்த்த அப்புறம்தான் அடுத்த துளி, அவசரப்பட்டா புரையேறிடும். வேகத்தை முடிவு பண்றது அந்தக் குட்டித் தொண்டைதான். 'இன்ஸ்டில்'லுக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு சொல் எனக்குத் தோணல.

மார்ச் 9, திங்கள்

ஒரு சிக்கல். நியூஸ்ல எங்க பார்த்தாலும் 'தக்க பாடம் புகட்டுவோம்'. தேர்தலா இருந்தாலும் சரி, கிரிக்கெட்டா இருந்தாலும் சரி, பழிவாங்குறதுக்குப் போய் இந்தச் சொல்லா? எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. மடியில வெச்சுப் பொறுமையாக் குடுக்கிற சொல்லை ஓங்குன கையில குடுத்துட்டோம்.

அதனால 'ஊட்டு'க்கு மாறிடலாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன். உண்ங்கிறதோட பிறவினை ஊட்டு, தின்னுக்குத் தீற்று மாதிரி. ஊட்டுக்குச் சாயம் ஏத்துறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, பாதத்துல செம்பஞ்சு ஊட்டுறதுன்னு சொல்லுவாங்களே, அது. 'இம்ப்யூ'ன்னு ஒரு ஆங்கிலச் சொல் இருக்கு, அதுக்கும் நனைச்சு ஊற வைக்கிறது, சாயம் ஏறுறதுன்னு இதே மாதிரி அர்த்தம். வள்ளுவர்கூட 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்'னு 452ஆவது குறள்ல சொல்றது இப்படி ஊறி மாறுறதைத்தான், மண்ணோட குணம் தண்ணிக்கு ஏறுற மாதிரி கூட இருக்கிறவங்க குணம் நம்ம அறிவுக்கு ஏறிடும்.

ஆனாலும் ஊட்டு சரிப்படல. அச்சமூட்டு, சினமூட்டு, வெறியூட்டு, எல்லாம் ஒரு நொடியில நடந்துடுதே. மெதுவாங்கிறது அதுல கரைஞ்சு போச்சு. புகட்டுல அது இன்னும் மிச்சம் இருக்கு.

மார்ச் 12, வியாழன்

மத்தியானம் அவசரத்துல ரெண்டு சொட்டு விட்டுட்டேன். ரெண்டாவது அப்படியே வழிஞ்சு அப்பா கன்னத்துல இறங்கி காதுகிட்ட போயிடுச்சு. செக்கப்புல டாக்டர்கிட்ட கேட்டேன், பரவாயில்லம்மா, கண்ணு ஒரு நேரத்துல ஒரு சொட்டுக்கு மேல தாங்காது, மீதி வெளியதான் வரும்னாங்க. விட்டதும் கண்ணை மூடி மூக்கோரமா இருக்கிற மூலையை விரலால லேசா அழுத்திக்கணுமாம், இல்லைன்னா மருந்து உள்வழியாத் தொண்டைக்கு இறங்கிடும். அதான் அப்பா கசக்குது கசக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு.

வீட்டுக்கு வந்து கையேட்டுல 14 இடத்துல 'புகுத்துதல்'லை எடுத்துட்டு 'புகட்டுதல்' போட்டேன். 3 இடத்துல மட்டும் மூலத்துலயே 'இன்கல்கேட்'தான் இருந்துச்சு, அங்க 'திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிய வைத்தல்'னு எழுதிட்டேன், நீளமா இருந்தாலும் பரவாயில்ல.

ராத்திரி மருந்துக்கு அப்பா தானாவே தலையைச் சாய்ச்சுக்கிட்டாரு. ஒரு சொட்டு. கண்ணை மூடி மூலையை அழுத்திக்கிட்டு, "அடுத்த மருந்துக்கு அஞ்சு நிமிஷம் ஆகட்டும்மா"ன்னாரு. பாட்டிலை மூடி வெச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.