நாலு தூர்

"ஏந்தம்பி, இந்த நாலு தூர் புல்லை உட்டு வெக்கறது குருவிக்குங்களா, உங்களுக்குங்களா?"

கருக்கரிவாளைப் புல்லுக்கட்டின் மேல் வைத்துவிட்டு அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். கேலியெல்லாம் இல்லை. "குருவிக்குத்தானுங்க்கா" என்றேன், யோசிக்காமல். யோசிக்காமல் சொன்னேன் என்று இப்போது எழுதுவதுகூட எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் காலண்டருக்கான வேலை அது. ஆகஸ்ட் பக்கத்துக்குத் தூக்கணாங்குருவி. கூட்டைப் படமெடுக்க மாட்டேன் என்பது நான் பல வருடமாக வைத்திருக்கும் விதி. 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கத்துக்குள்ளேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. அதனால் கூட்டை விட்டுவிட்டு, கூட்டுக்கு நார் கிழிக்கிற ஆண் குருவியை எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். புல்லில் உட்கார்ந்திருக்கும் குருவியை எடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கிணற்றோரப் பனையில் கூடுகள் தொங்கின. பக்கத்திலேயே அக்காவின் தீவனப்புல், கோ-4 ரகம். குருவி வந்து தாளின் விளிம்பில் அலகால் ஒரு வெட்டு வெட்டும். அந்த நுனியைக் கவ்விக்கொண்டு எழும்பிப் பறந்தால் நார் சர்ரென்று கிழிந்துகொண்டே வரும். முழம் நீளத்துக்குப் பச்சை நார் வாலுக்குப் பின்னால் நெளிய, மஞ்சள் தலை மட்டும் விறைப்பாக முன்னால் போகும். கிழிபடும் அந்த நொடிதான் எனக்கு வேண்டும். ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை இப்படிப் பறக்கும் என்பார்கள். ஆனால் அரை ஏக்கர் புல்லில் எந்தத் தூரில் வந்து உட்காரும் என்று யார் சொல்ல முடியும்? மூன்று நாள் மறைப்புக்குள் உட்கார்ந்து முதுகு போனதுதான் மிச்சம். கிடைத்ததெல்லாம் முதுகுப்பக்கமும் மங்கலும்.

அக்கா தினம் ஒரு சுமை அறுப்பார். அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்துக்கும் புல் கொடுப்பதாக இருந்தது. இந்தப் புல்லை 45 நாளுக்கு ஒருமுறை அறுத்தாக வேண்டும், தள்ளிப்போனால் தண்டு முத்திவிடும். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தக் கோடியிலிருந்து அறுத்துக்கொண்டு வாருங்கள், என் மறைப்புக்கு முன்னால் இருக்கும் நாலு தூரை மட்டும் கடைசிக்கு விடுங்கள்.

எப்படியும் அறுபடப் போகிற புல். வரிசையை மாற்றினேன், அவ்வளவுதான். இதைப் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரியாகத்தான் படுகிறது. நாலு தூர் கூடுதலாக நின்றது என்று பார்த்தால் குருவிக்கு அது லாபம்கூட.

மற்றதெல்லாம் அறுத்து முடிந்த மறுநாள் காலை குருவிகள் எல்லாம் என் முன்னால்தான் வந்தன. நொடியில் ரெண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நினைத்த படம் கிடைத்தது. அப்புறம்தான், சும்மா, லென்ஸைப் பனைப் பக்கம் திருப்பினேன். ஒரு ஆண், பக்கத்துப் பாதிக் கூட்டிலிருந்து நாரை உருவிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இப்படி நான்கு தடவை நடந்ததை எண்ணினேன்.

தூக்கணாங்குருவி திருடும், புல் எவ்வளவு இருந்தாலும் அடுத்த கூட்டிலிருந்து உருவும். இது பறவை பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சோளமும் நின்றது. முதல் மூன்று நாளும் நான் பனையைப் பார்க்கவே இல்லை, அப்போதும் திருடியிருக்கலாம். ஆனால் பாதிக் கூட்டைப் பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டும். கிணற்றோரத்தில் நார் கிடைக்கிற இடத்தை நாலு தூருக்குச் சுருக்கிவிட்டு, அது லென்ஸுக்கு நேராகவும் இருக்கும்படி பார்த்துக்கொண்டது நான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் முடியாது.

நான் படத்தை அனுப்பும்போது, "சார், இரை வைத்தோ செட் பண்ணியோ எடுத்ததில்லையே?" என்று காலண்டர்காரர்கள் கேட்டார்கள். இல்லை என்றேன். இரை வைக்கவில்லைதான். ஆனால் வலது ஓரத்தில் அறுத்த கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன, அந்தப் பகுதியை கிராப் செய்துதான் அனுப்பினேன். கண் குருவியிடம் போக வேண்டும், கட்டையிடம் போகக் கூடாது. எந்தப் போட்டோகிராபரும் செய்வதுதான். அக்கா மட்டும் அன்றைக்கு அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் இதை நான் யோசித்தே இருக்க மாட்டேன். சில நேரம் அவர் மேல் கோபம்கூட வருகிறது, நியாயமில்லாத கோபம்.

மார்கழியில் காலண்டரைக் கொடுக்கப் போனேன். புல் மறுபடி அறுக்கும் பதத்துக்கு வந்திருந்தது. அதற்கு நடுவில் அந்த நாலு தூர் மட்டும் ஆள் உயரத்தைத் தாண்டி, தண்டு கரும்பு மாதிரி முத்தி, காய்ந்த தாளோடு நின்றது.

"இதை ஏனுங்க்கா அறுக்கல?"

"குருவிக்குன்னு சொன்னீங்களே தம்பி. இனி மாடு திங்காது, போகட்டும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காலண்டரில் ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தார்.

"நாம அறுத்துப்போட்டப்ப எடுத்ததுதானுங்க இது? கட்டையே காணமே."

"ஓரத்துல இருந்துச்சுங்க்கா" என்றேன்.