பேரலுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம்

என் வேட்டை ரைஃபிள்: .308 வின்செஸ்டர் தோட்டா, போல்ட் ஆக்‌ஷன் (போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை), தோளில் அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்டாக், தூக்கி நடக்கத் தோதான மெல்லிய பேரல் (குழல்). கையில் வந்தபோது 100 மீட்டரில் ஐந்து தோட்டாவுக்கு 70 மி.மீ. குரூப் கொடுத்தது, அதாவது ஓட்டைகள் அந்த அகலத்துக்குச் சிதறின. சிதறலைக் கோணத்தில் அளக்கும் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 100 மீட்டரில் சுமார் 29 மி.மீ. என்பதால், இது இரண்டரை எம்.ஓ.ஏ.வுக்குச் சற்றே குறைவு. பக்கத்தில் இருக்கும் மானுக்கு அது போதும் என்பார்கள். போதலாம். ஆனால் குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி இன்றைக்கு வைத்த ஜீரோ அடுத்த வாரம் இருக்காது. அதுதான் என்னை உறுத்தியது.

முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது ரைஃபிளை அல்ல, என் கணக்கை. மூன்று மூன்று தோட்டாவாகச் சுட்டு, அதில் அழகாக விழுந்த குரூப் ஒன்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு ‘இதுதான் என் ரைஃபிள்’ என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதே ரைஃபிளில் ஐந்து சுட்டால் குரூப் சராசரியாகக் கால் பங்கு பெரிதாகும். பத்து சுட்டால் ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஆகவே எப்போதும் ஐந்துதான், ஒரு நாளில் இரண்டு குரூப், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டேன். அன்றைய முதல் தோட்டா, அதாவது பேரல் குளிர்ந்திருக்கும்போது சுட்டது, விழுந்த ஓட்டையைச் சிவப்பு மையால் வட்டமிடுவது தனி வழக்கம்.

அடுத்து திருகுகள். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) ரைஃபிளில் பொருத்தும் பேஸில் ஒரு திருகு, சாவியை வைத்ததுமே கால் சுற்று சும்மா சுழன்றது. எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பேஸ் திருகுகளுக்கு மட்டும் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகளை 2 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். ஸ்டாக்கையும் ஆக்‌ஷனையும் (போல்ட் ஓடும் உலோகப் பகுதி) இணைக்கும் இரண்டு திருகுகளும் ஆளுக்கொரு இறுக்கத்தில் இருந்தன. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் இரண்டையும் 5 நியூட்டன் மீட்டருக்கு வைத்தேன். குரூப் 58 மி.மீ.க்கு வந்தது.

தோட்டாவில் 150, 165, 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மூன்றும் பார்த்தேன். 150-க்கு வைத்த ஜீரோவில் 180 நான்கு விரல் கீழே விழுந்தது. என்னுடையதற்குப் பிடித்தது 165: 48 மி.மீ. உங்களுடையதற்கு வேறு பிடிக்கும், அதை யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று பிடித்துவிட்டால் பெட்டியில் இருக்கும் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) பார்த்து அதே லாட்டில் வாங்கி வையுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு வியாதி போகவில்லை. முதல் இரண்டு தோட்டா ஒட்டி விழும். மூன்றாவதிலிருந்து வலப்புறமாக மேலே நடக்கும். மெல்லிய பேரல், சூடாகிறது, அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேரல் ஸ்டாக்கில் உரசுகிறதா என்று முன்பே பார்த்தாகிவிட்டது: போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று உறுதி செய்து, ஒரு காகிதத் துண்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் விட்டு இழுத்தால் ஆக்‌ஷன் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. உரசல் இல்லை, முடிந்தது என்று எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாள் ரைஃபிள் பைபாடில் (ஸ்டாக்கின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக்கால்) நிற்கும்போதே, சும்மா இருந்த கைக்குக் காகிதத்தை விட்டுப் பார்த்தேன். பாதி வழியில் இடப்பக்கம் சிக்கியது. தோளால் கொஞ்சம் முன்னே அழுத்தினேன், இழுத்த காகிதம் கிழிந்தே போனது. முன்பு நான் சோதித்தது ரைஃபிளை மடியில் வைத்து! உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டாக், பைபாடில் பாரம் விழுந்ததும் வளைந்து பேரலை இடப்பக்கத்திலிருந்து தள்ளியிருக்கிறது. நான் சாய்கிற அளவுக்கு ஏற்ப ஜீரோவும் இடம் மாறியிருக்கிறது. இரண்டு மாதமாக ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பாவம்.

பேரலைவிடச் சற்றே தடித்த மரக்கோலில் உப்புத்தாளைச் சுற்றி, இரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி வரும்வரை தேய்த்தேன். தேய்த்தால் மட்டும் வளைவது நிற்காது. ஸ்டாக்கின் முன்பகுதிக் கூட்டுக்குள் பழைய அலுமினிய அம்புத் தண்டுகள் இரண்டை வெட்டி நீளவாக்கில் கிடத்தி, எபாக்ஸி ஊற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். உள்பக்கத்தை முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டில் துடைக்காவிட்டால் எபாக்ஸி பிடிக்காமல் தகடு மாதிரி உரிந்து வரும். என் முதல் முயற்சி அப்படித்தான் போனது. எடை கொஞ்சம் கூடியது, பரவாயில்லை. இப்போது பைபாடில் சாய்ந்து அழுத்தினாலும் காகிதம் ஓடுகிறது. குரூப் 36, 39, 35. வலப்புற நடையும் நின்றுவிட்டது.

மிச்சமிருந்த கோளாறு நான். நண்பர் ஒருவர் எனக்குக் காட்டாமல் மேகசினில் ஒரு டம்மி (வெடிக்காத போலி) தோட்டாவைக் கலந்து வைத்தார். ட்ரிகர் ‘டிக்’ என்றது. பேரல் முனை ஒரு விரல் கீழே குத்தியது. அவர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். அன்றிலிருந்து தினமும் டம்மி போட்டு இருபது முறை ட்ரிகர் இழுக்கிறேன், டிக் சத்தத்தின்போது ஸ்கோப்பில் தெரியும் குறிக்கோடு (கிராஸ்ஹேர்) அசையக்கூடாது என்ற ஒரே குறியோடு.

இப்போது சுவரில் ஒட்டியிருப்பது சிவப்பு வட்டங்களை மட்டும் ஒரே தாளில் மாற்றிக் குறித்த படம். பன்னிரண்டு நாள், பன்னிரண்டு முதல் தோட்டா. பதினொன்று 45 மி.மீ.க்குள் இருக்கின்றன. ஒன்று மட்டும் மேலே தனியாக நிற்கிறது. முந்தின நாள்தான் பேரலைச் செம்புக் கறை போக முழுக்கத் தேய்த்துக் கழுவி எண்ணெய் போட்டிருந்தேன். இனி கழுவினால், எண்ணெயைத் துடைத்துவிட்டு இரண்டு தோட்டா சுட்ட பிறகுதான் வேட்டைக்கு எடுப்பது.

இதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து சுட்ட கணக்கு. நேற்று மண்டியிட்டு ஐந்து சுட்டேன். 160 மி.மீ.