கடல்நீர்த் தொட்டி தயார், மீன் இன்னும் இல்லை

உப்பு கலந்தாயிற்று. அடர்த்தி 1.025, சூடு 26 டிகிரி. தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிட்டது. ஆனாலும் மீன் விடமாட்டேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, தெளிந்த தண்ணீரிலும் மீனைக் கொல்லும். அதைத் தின்னும் பாக்டீரியா பாறையின் நுண்துளைகளிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். அவற்றுக்குத் தீனியாக 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு அமோனியாவைச் சொட்டு சொட்டாக விட்டேன் (மீனை விட்டுத் தொட்டியைப் பழக்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, பாவம் அது).

இன்று சோதனைக் குழாயில் பச்சை வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் தட்டுகிறது. அமோனியா இறங்குகிறது! அப்புறம் அமோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட் ஏறும், அதுவும் நைட்ரேட்டாக மாறி இறங்க வேண்டும். விட்ட அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் சரி. பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு ஒரே ஒரு மீன்.