கன்னியாகுமரி கண்ணாடிப் பாலமும் அந்தப் பக்கம் நிக்கிற வள்ளுவரும்

கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம்னு தேடுனா வர்ற வீடியோ எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கு, கண்ணாடி மேல கால வச்சு கீழ அலைய காட்டிட்டு கத்துறாங்க. நல்லா தான் இருக்கும், நானும் ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். ஆனா விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலைப் பாறையையும் சேர்க்குற இந்தப் பாலம் வந்ததுல எனக்கு பெரிய சந்தோஷம், இனிமே வள்ளுவர் கிட்ட தைரியமா போகலாம்ங்கிறது தான்.

முன்னாடி போனவங்களுக்கு தெரியும். போட் விவேகானந்தர் பாறைக்கு போயிடும், சிலைக்கு மட்டும் தண்ணி மட்டம் கம்மின்னு நிறுத்திடுவாங்க. சிலைப் பாறைய சுத்தி ஆழம் பத்தாது, கடல் உள்வாங்குனா படகு அணைய முடியாது, அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. ஆனா எங்கெங்க இருந்தோ ராத்திரி பூரா ட்ரெயின்ல வந்த குடும்பம் எல்லாம் இந்தப் பாறைல நின்னு, "அதோ பாரு வள்ளுவர்"னு பிள்ளைங்களுக்கு கைய நீட்டி காட்டிட்டு திரும்பி போகும். எங்க அப்பாவும் அப்படி திரும்பி வந்தவரு தான். இந்த தடவ முட்டி வலியோட மெதுவா நடந்தே அந்தப் பக்கம் போயிட்டாரு.

77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. சிலையோட வெள்ளி விழாவ ஒட்டி 2024 டிசம்பர் 30 அன்னைக்கு முதல்வர் ஸ்டாலின் திறந்து வச்சாரு. பௌஸ்ட்ரிங் ஆர்ச்னு சொல்ற டைப், அதாவது வில்லும் நாணும். வளைவு மேல பாரம் ஏறுனா அதோட ரெண்டு முனையும் வெளிய தள்ளப் பாக்கும்ல, அத நாம நடக்குற தளமே நாண் மாதிரி இழுத்து பிடிச்சுக்குது, அதனால ரெண்டு பக்கத்து பாறையையும் அது பக்கவாட்டுல போட்டு நெருக்காது, நடுக்கடல்ல தூணும் வேணாம். 2025ல பராமரிப்பு வேலை நடக்கும்போது சுத்தியல் விழுந்து ஒரு கண்ணாடில கீறல் விட்டுச்சுன்னு செய்தி வந்துச்சு, நிறைய பேரு பயந்துட்டாங்க. இந்த மாதிரி நடக்குற கண்ணாடிய அடுக்கு அடுக்கா ஒட்டி தான் செய்வாங்க, ஒரு அடுக்கு விரிஞ்சாலும் மத்தது தாங்கணும்னு தான் அந்த ஏற்பாடே.

ஆனா பாலத்த முடிச்சதும் செல்ஃபி எடுத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க பாருங்க, அத பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. எதிர்ல நிக்கிறது 133 அடி, கிட்டத்தட்ட 7000 டன் கல்லு! அடிபீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, சிலை 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். கணபதி ஸ்தபதி செஞ்சது. 1979ல அடிக்கல் நாட்டி, 1990ல தான் வேலைய ஆரம்பிச்சு, 2000 ஜனவரி 1 கலைஞர் திறந்து வச்சாரு. சிலைக்குள்ள வெற்றிடம் விட்டு, கல்லோட கல்ல கோர்த்து கோர்த்து ஏத்திருக்காங்க. அஞ்சு வருஷம் முடியுறதுக்குள்ள சுனாமி வந்து அந்தக் கரையவே புரட்டி போட்டுச்சு, சிலை அப்படியே நின்னுச்சு. மண்டபத்துக்குள்ள 140 படி ஏறுனா வள்ளுவர் பாதத்துகிட்ட போயிடலாம், கல்லு சேர்ற இடத்த எல்லாம் பக்கத்துலயே பாக்கலாம். அப்பா ஏறல, கீழ மண்டபத்துல உக்காந்து காத்து வாங்கிட்டே யானை சிற்பம் எல்லாம் பாத்துட்டு இருந்தாரு.

ரெண்டுக்கும் பொதுவா ஒரே எதிரி தான், உப்பு. சிலைக்கு சில வருஷத்துக்கு ஒரு தடவ சாரம் கட்டி, காகிதக் கூழ் பூசி கல்லுக்குள்ள இறங்குன உப்ப உறிஞ்சி எடுத்துட்டு, அப்புறம் ரசாயனம் பூசுவாங்க. இரும்பும் கண்ணாடியும் போட்ட பாலத்துக்கும் இதே அக்கறை வருஷா வருஷம் வேணும், திறப்பு விழாவுக்கு காட்டுன ஆர்வத்த பெயிண்ட் அடிக்கறதுலயும் காட்டணும்னு ரொம்ப ஆசப்படுறேன்.

போறவங்களுக்கு ஒண்ணு, கரைல இருந்து விவேகானந்தர் பாறைக்கு இப்பவும் போட் தான், லீவு நாள்ல க்யூ ரொம்ப நீளம். வயசானவங்கள கூட்டிட்டு போனா காலைல சீக்கிரமே போயிடுங்க, குடை எடுத்துக்கோங்க, திரும்பி வர்ற போட்டுக்கும் நேரம் வச்சுக்கோங்க.