அப்பாவின் இடது கை

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று காணும் பொங்கல். தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் பையன் மத்தியானம் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். கரும்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். அவனைக் கழுவித் துடைத்துவிட்டது அப்பாதான்.

ஜனவரி 19, திங்கள்

விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவுக்கு வாந்தி. ஆறு மணிக்குள் ஐந்து தடவை வயிற்றால் போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா கேள்விப்பட்டதும் இரண்டு இளநீரோடு வந்து நின்றார். நல்ல மனசு. ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இளநீர் டம்ளர் டம்ளராகப் பொட்டாசியம். ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். ஓஆர்எஸ் பொட்டலத்திலும் லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அப்பாவுக்கு டயாலிசிஸ்; ரத்தத்தைச் சுத்தம் செய்வதும் தேங்கிய தண்ணீரை எடுப்பதும் மெஷின்தான். மூன்று வருஷமாகத் தண்ணீரை அளந்து கொடுத்துப் பழகிய கை எனக்கு. இன்று எவ்வளவு கொடுப்பது என்றே தெரியவில்லை.

"டயாலிசிஸ் சென்டருக்குச் சொல்லாதேம்மா. நாளைக்கு வராதீங்கன்னு சொல்லிடுவாங்க" என்றார் அப்பா. அந்தப் பயத்தில் எத்தனை பேர் மறைக்கிறார்களோ! நான் போன் போட்டுவிட்டேன்.

எடை 57.2 கிலோ. அவருடைய ட்ரை வெயிட்டே, அதாவது தேங்கிய தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையே, 58. வழக்கமாக இந்த நாளில் 60ஐ நெருங்கியிருப்பார். பி.பி. 90/60. போனில் டாக்டர் அடுத்துக் கேட்டது: "கையில அதிர்வு இருக்கா?"

இடது கையில் ஃபிஸ்டுலா: டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைத்த இடம். கிரைண்டர் ஓடும்போது மேடையில் உள்ளங்கையை வைத்தால் தெரியுமே, அப்படி எப்போதும் அதிரும். இன்று விரலை மாற்றி மாற்றி வைத்தும் பிடிபடவில்லை. கடைசியில் காதை வைத்தேன். எங்கோ தூரத்தில், இழுத்து இழுத்துக் கேட்டது. பி.பி. இறங்கி ரத்த ஓட்டம் மந்தமானால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும். அப்புறம் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய், மறுபடி ஆபரேஷன். "பி.பி. மாத்திரை கொடுக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

நேற்று கொஞ்சம் கொஞ்சமாக சலைன் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் அதிர்வு திரும்பியது. இன்று கடைசி ஷிப்டில் ஓரத்து மெஷின். தண்ணீர் எடுக்காமல் ரத்தத்தை மட்டும் சுத்தம் செய்தார்கள்.

நோரோ மாதிரி ஏதோ வைரஸாக இருக்கலாம், ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்காது என்றார் டாக்டர். பரவுவது மலத்தாலும் வாந்தியாலும். கழிப்பறைக் கதவு, எடை மெஷின் கைப்பிடி, இவை போதும். சுவரில் தொங்கும் சானிடைசர் நோரோவுக்கு அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சிஸ்டர் மூன்று தடவை சொன்னார். அப்பா போய்வந்த கழிப்பறையை உடனே பிளீச் ஊற்றிக் கழுவினார்கள். அவருக்குக் கூச்சம். எனக்கு நிம்மதி. பக்கத்துப் பெட்களில் இருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு கை இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன். 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நார்வாக் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வந்த வாந்திபேதிதான் தொடக்கமாம். 1972இல் ஆல்பர்ட் கபிக்கியன் என்ற விஞ்ஞானி அந்த வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்தார். நோரோ என்ற பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

ஜனவரி 23, வெள்ளி

வயிறு சரியாகிவிட்டது. எடை 58.3. முன்னூறு கிராம்தானே, கொஞ்சமாக எடுத்தால் போதும் என்றார் டெக்னீஷியன். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாலு நாளாகக் கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. உடம்பு இளைத்திருந்தால் பழைய 58க்குள் தண்ணீர் ஒளிந்திருக்குமே? டாக்டர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, தண்ணீர் தேங்கித்தான் இருக்கிறது. ட்ரை வெயிட்டை 57ஆகக் குறைத்தார்.

ஜனவரி 27, செவ்வாய்

சென்டரில் வேறு யாருக்கும் வரவில்லை. குணமான பிறகும் இரண்டு வாரம்கூட மலத்தில் வைரஸ் வெளியேறலாம் என்பதால் வீட்டில் அப்பாவுக்குத் தனிக் கழிப்பறைதான். எதிர்வீட்டு அக்கா இன்று ரவாக் கஞ்சியோடு வந்தார், உப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்டுக்கொண்டே.

படுக்கப் போகும்முன் அப்பா தானாக இடது கையை நீட்டினார். விரல் வைத்ததும் கிடைத்தது.