கேள்விக்குறியாகப் போன ரிப்போர்ட்

சனிக்கிழமை காலை கடலூரில் பஸ் ஏறி, கன்னியக்கோயிலைத் தாண்டும்போது போன் வந்தது. புதுச்சேரியில் நாங்கள் மென்பொருள் பார்த்துக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் அக்கா. “தம்பி, ரிப்போர்ட் மெயில் எல்லாம் கேள்விக்குறியா வருதாம். என்னமோ ஏதோன்னு ஜனங்க பயப்படுறாங்க.”

அந்த வாரம்தான் பழைய விண்டோஸ் கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஜாவா 8 நிரலை லினக்ஸ் சர்வருக்கு மாற்றியிருந்தோம். மெயில் அனுப்பும் பகுதி, ஜாவா நிரல்கள் மெயில் அனுப்ப உதவும் ஜாவாமெயில் ஏபிஐ என்ற தொகுப்பை வைத்து எழுதியது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. நிரலில் ஒரு வரிகூட நாங்கள் தொடவில்லை என்பதால், மெயிலைப் பெறுபவர்களின் போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். அது தப்பு.

லாஸ்பேட்டை ஆபீசில் உட்கார்ந்ததும் ஜாவாமெயிலின் டீபக் என்ற பிழைதேடும் வசதியை இயக்கி, எனக்கே ஒரு மெயில் அனுப்பினேன். அதை இயக்கினால் நம் நிரலும் மெயில் சர்வரும் பேசிக்கொள்வது முழுக்கத் திரையில் ஓடும். கடவுச்சொல் போகும் இடத்தை மட்டும் அதுவாகவே மறைத்துவிடும். தலைப்பு வரியில் “ரத்தப் பரிசோதனை முடிவு” என்று இருக்க வேண்டும். மெயிலுக்காகக் குறியீடாக்கப்பட்டிருந்த அந்த வரியைப் பிரித்துப் பார்த்தால், “ரத்தப்” என்ற சொல்லுக்கு ஆறு கேள்விக்குறிகள் வரிசையாக இருந்தன. நம் கண்ணுக்கு நாலு எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு புள்ளிகளும் தனிக்குறிகள், ஆக ஆறு. அதாவது மெயில் எங்கள் சர்வரை விட்டுக் கிளம்பும் முன்பே தமிழ் போய்விட்டது.

அதே வரியில் எழுத்துத் தொகுதியின் பெயரும் இருந்தது: ஏஎன்எஸ்ஐ எக்ஸ்3.4-1968. ஆஸ்கி என்று நாம் சொல்லும் ஆங்கில எழுத்துத் தொகுதிக்கான தரத்தின் பெயர் அது. 1968-ஆம் வருடத்துத் தரத்தில் தமிழுக்கு ஏது இடம்? அதில் அடங்காத ஒவ்வொரு எழுத்தையும் ஜாவா சத்தமில்லாமல் கேள்விக்குறியாக்கிவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது.

பழைய கணினியின் பேட்ச் ஃபைலைத் தேடிப் படித்தபோது காரணம் புரிந்தது. நிரலைத் தொடங்கும் கட்டளையில் ஃபைல் என்கோடிங், அதாவது எழுத்துகளைக் குறிக்கும் முறை, தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 என்று சேர்த்திருந்தார்கள். புது சர்வரில் அதை விட்டுவிட்டோம். அங்கே மொழி அமைப்பும் வைக்கவில்லை, அதனால் ஜாவா ஆஸ்கியைப் பிடித்துக்கொண்டது. (ஜாவா 18-லிருந்து இயல்பிலேயே யுடிஎஃப்-8 என்பதால் இந்தச் சிக்கல் வராது.) கட்டளையில் மறுபடி சேர்ப்பது ஒரு நிமிட வேலைதான். ஆனால் அடுத்த முறை சர்வர் மாற்றுகிறவரும் அதைத் தவறவிடுவார். மெயிலின் தலைப்பையும் உரையையும் வைக்கும் செட்சப்ஜெக்ட், செட்டெக்ஸ்ட் வரும் ஒவ்வொரு இடத்திலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகவே எழுதினேன்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை இரவு, ரிப்போர்ட்டுகள் பாதியில் நின்றுவிட்டன. நிரல் எழுதும் பதிவேடான லாகில் பிழை இல்லை, நிரல் சாகவும் இல்லை. நிரல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் கருவியைப் போட்டுப் பார்த்தால், மெயில் அனுப்பும் பகுதி மெயில் சர்வரின் பதிலுக்காகக் காத்து நின்றது. ஜாவாமெயிலில் நாமாக டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேர வரம்பு, வைக்காவிட்டால் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. சரி என்று மெயில்.எஸ்எம்டிபி.டைம்அவுட் என்ற அமைப்பில் 10 விநாடி வைத்தேன் (எஸ்எம்டிபி என்பது மெயில் அனுப்பும் விதிமுறை). மறுநாளும் நின்றது.

அரை நாள் போனது அதற்கு. எங்கள் நிரல் 465 போர்ட்டில், அதே விதிமுறையின் பாதுகாப்பான வடிவமான எஸ்எம்டிபிஎஸ் என்ற பெயரில் இணைகிறது. அப்படி இணைந்தால் அமைப்பின் பெயரும் மெயில்.எஸ்எம்டிபிஎஸ்.டைம்அவுட் என்று இருக்க வேண்டும். ஒரே ஒரு ‘எஸ்’. பெயர் பொருந்தாத அமைப்பை ஜாவாமெயில் கண்டுகொள்ளாது, எச்சரிக்கவும் செய்யாது. இந்த முறை நம்பிக்கையில் விடவில்லை. நெட்கேட் என்ற சின்னக் கருவியில், இணைப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு வாயே திறக்காத ஒரு போலி சர்வரை வைத்துச் சோதித்தேன். 10 விநாடியில் பிழை வந்தது. அந்தப் பிழையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த தவறுதான் இன்னும் உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை ஒரு பெரியவருக்கு ஒரே ரிப்போர்ட் இரண்டு முறை போய், “எனக்கு ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்தீங்களா, ஏதாவது மோசமா?” என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார். மெயிலின் உடலை அனுப்பி முடித்து, கடைசியில் தனிப்புள்ளி வைத்த பிறகு, சர்வர் 250 என்று சொன்னால்தான் மெயில் ஏற்கப்பட்டதாகக் கணக்கு. அந்த ஒரு பதிலுக்கு மட்டும் 10 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது எஸ்எம்டிபி-யின் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321. நான் 10 விநாடியில் கைவிட்டேன். சர்வர் வாங்கிக்கொண்டது, பதில் சொல்லத்தான் தாமதம். எங்கள் நிரலோ தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பியது.

இப்போது இணைப்புக்கு 15 விநாடி, பதிலுக்கு 6,00,000 மில்லிவிநாடி. உடலை அனுப்பத் தொடங்கிய பின் டைம்அவுட் ஆனால் நிரல் தானாக மறுபடி அனுப்பாது. ‘சந்தேகம்’ என்று குறித்து அக்காவின் திரையில் காட்டும். அவர் போன் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்வார்.

முதலில் இயக்கிய டீபக்கை அந்தச் சனிக்கிழமை மாலையே அணைத்து, அதுவரை சேர்ந்த லாகையும் அழித்தேன். கடவுச்சொல்லை மறைக்கும் அந்த வசதி மெயிலின் உடலை மறைக்காது. யாரோ ஒருவருடைய சர்க்கரை அளவும் ஹீமோகுளோபினும் அதில் அப்படியே இருந்தன.