பெசன்ட் நகர் கொடியேற்றமும் எங்கள் ஊர் பெஞ்சுகளும்

திறந்தவெளி ஆராதனை என்றாலே எனக்கு இதுவரை நினைவுக்கு வந்தது கன்வென்ஷன் கூட்டம்தான். மைதானத்தில் பெரிய மேடை, கண்ணில் அடிக்கிற விளக்கு, சாமியானா கடையின் பெயர் முதுகில் எழுதிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கீபோர்டு, நீண்ட பிரசங்கம், கடைசியில் காணிக்கைப் பை. அந்தக் கூட்டங்களில் தொண்டை வறளப் பாடியிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். ஆனால் ஆகஸ்டு 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. எழுதிவிடுகிறேன்.

என்னைக் கூட்டிப்போனது கீழ்வீட்டு அக்கா. அவர் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். நான் சி.எஸ்.ஐ., சீர்திருத்த சபைக்காரி. பெரம்பூரில் ஒரே காம்பவுண்டில் பல வருஷமாக இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுப் பலகாரம் இங்கே வரும், என் வீட்டுக் கேக் அங்கே போகும். ஆனால் ஒருவர் கோயிலுக்கு மற்றவர் போனதில்லை. யாரும் தடுத்ததில்லை, போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்த வருஷம் அவருடைய மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. "தனியா போக முழங்கால் பயமா இருக்கு, நீ வாயேன்மா" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

29சி பஸ்ஸில் ஏறினோம். மயிலாப்பூர் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் காவி நிறம் தெரிய ஆரம்பித்தது. காவிச் சேலை, காவிச் சுடிதார், கைக்குழந்தைக்குக்கூடக் காவிச் சட்டை. செருப்பு இல்லாமல் சாலையோரமாக வரிசை வரிசையாக நடக்கிறார்கள். பஸ் அடையாற்றோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எல்லோரும் நடைதான்.

ஆகஸ்டு மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு இந்தக் காவிக் கூட்டம் பழக்கப்பட்ட காட்சி. சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துப் பக்கம் இருக்கிற வேளாங்கண்ணி வரைக்கும், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நாள்கணக்கில் நடக்கிறவர்கள் அவர்கள். அவ்வளவு தூரம் போக முடியாத சென்னைக்காரர்களுக்குப் பெசன்ட் நகர். 1970-களில் கடற்கரையை ஒட்டி எழுந்த கோயில் இது. இரண்டு ஊரிலும் ஆகஸ்டு 29-இல் கொடியேறும், செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாளில், திருவிழா நிறைவடையும்.

வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். ஓரிடத்தில் பெரிய எவர்சில்வர் அண்டாவில் மோர் வைத்திருந்தார்கள். மொண்டு கொடுத்தவர் நெற்றியில் பளிச்சென்று விபூதி. டம்ளரை வாங்கும்போது அக்கா எனக்கு மோர்க்காரப் பையன் கதையைச் சொன்னார். வேளாங்கண்ணியில் கால் நடக்க முடியாத ஒரு பையன் ஆலமரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்தானாம். குழந்தையை ஏந்திய ஒரு தாய் வந்து, பிள்ளைக்கு மோர் கேட்டாளாம். கொடுத்தான், கால் சரியானது. எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான். அக்கா இதை நேற்று நடந்த சங்கதி மாதிரி, யாருடைய மகன் என்று கேட்டால் சொல்லிவிடுவார் போலச் சொன்னார். எங்கள் சபையில் இப்படிக் கதைகள் கிடையாது. எங்களுக்கு எல்லாம் வசனத்தில் இருக்க வேண்டும். ஆனால் அந்த வெயிலில், கையில் குளிர்ந்த மோரை வைத்துக்கொண்டு, அந்தக் கதையில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கோயிலை நெருங்க நெருங்க நடை ஊர்ந்தது. மெழுகுவர்த்தி, மல்லிகை மாலை, கண், கை, கால் என்று தகட்டில் வெட்டிய காணிக்கை உருவங்கள், பொரி, வளையல், பலூன். எனக்கு முன்னால் ஒரு பெண், இருபது வயது இருக்கலாம். குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பாதி பிய்ந்து தொங்க, அதை ஒரு கடை வாசல்படியில் உட்கார்ந்து பிய்த்துப் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் காலைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். கடைக்காரர் தானாகவே ஒரு துணியை எடுத்து நீட்டினார். அவள் துடைத்துக்கொண்டு நடந்தாள். எங்கிருந்து நடந்து வந்தாளோ, எதற்காக வேண்டிக்கொண்டாளோ, நான் கேட்கவில்லை.

கோயிலுக்குள் நுழைய வாய்ப்பே இல்லை. வாசல், தெரு, அதைத் தாண்டி மணல், எங்கும் தலைகள். நாங்கள் மணல் பக்கம் ஒதுங்கினோம். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஓடைக்குப்பத்து மீனவக் குடும்பம் ஒன்று, மூன்று தலைமுறையாக. இன்னொரு பக்கம் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றக்கூட நேரம் இல்லாமல் ஓடி வந்த ஒரு பையன். பின்னால் தெலுங்கில் ஜெபமாலை சொல்கிற பாட்டி.

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. யாரும் எங்களைப் பார்த்து, "இது எங்க இடம்" என்று சொல்லவில்லை.

இது ஏன் எனக்குப் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் ஆலயத்தில் மின்விசிறி ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும். 'இன்னார் நினைவாக இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு.' டியூப் லைட்டிலும் இருக்கும். பெஞ்சுகளின் முதுகிலும் இருக்கும். எழுதாத பெஞ்சுகளுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு, ஊருக்கே தெரியும். அப்பா இறந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். துக்கத்தில் இருந்தவர், கால் போன இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு அம்மாள் வந்து குனிந்து, மிக மரியாதையாக, மிக மெதுவாகச் சொன்னார்: "அது அவுங்க உக்காருத எடம்லா." அம்மா எழுந்தார். அந்த நாளிலிருந்து வாசல் கதவை ஒட்டிய ஜன்னலடிதான் அவருடைய இடம். இன்றைக்கும் அங்கேதான் உட்காருகிறார். பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் பாதிக்கு மேல் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு மனுஷி, செருப்புக் குவியலுக்கு அருகில்.

பணம் மட்டும் காரணம் இல்லை. சாதியும்தான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதைச் சத்தமாகப் பேசுவதில்லை, ஆனால் வரலாறு மறைக்கிற மாதிரி இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில், இரண்டு சாதியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, கால்சட்டையின் இரண்டு கால் போலப் பிரித்து ஒரு கத்தோலிக்க ஆலயம் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பை அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடித்தார்கள். சீர்திருத்த சபைகளும் சளைத்தவை அல்ல. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உட்காருவதிலும் திருவிருந்திலும் கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி வேறுபாட்டை விடக் கூடாது என்று மிஷனரிகளோடு வாதாடி எழுதியவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை நான் கொயரில் பாடுகிறேன். அவற்றின் அழகு எனக்குத் தெரியும், உயிருக்கு உயிராகப் பிடிக்கும். அவர் அப்படி எழுதினார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

கூரை போட்டுச் சுவர் எழுப்பினால் முன், பின் என்று வந்துவிடுகிறது. முன் வந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிடுகிறார். மணலில் அது நடப்பதில்லை. நீங்கள் உட்கார்ந்த இடம் நீங்கள் எழுந்ததும் மூடிப்போகிறது.

மாலை ஆகிக்கொண்டிருந்தது. மாதா படம் போட்ட கொடியைத் தோளோடு தோளாகத் தாங்கிப் பவனியாகக் கொண்டுவந்தார்கள். பேராயர் மந்திரித்து, கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள். பாதி உயரம் வரைக்கும் துணி சுருண்டே போனது. அங்கே கடல்காற்று பிடித்தது, ஒரே உதறலில் விரிந்தது. "மரியே வாழ்க!" என்று எழுந்த சத்தம் மார்புக்குள் இடித்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாயில் வரவில்லை, பழக்கமில்லை. ஆனால் பைபிளில், லூக்கா சுவிசேஷத்தில், மரியாள் பாடுகிற பாட்டு நினைவுக்கு வந்தது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்த வசனம்: "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்." பரிசாக ஒரு பென்சில் டப்பா கிடைத்தது அதற்கு. யாருடைய ஆசனம், யார் தாழ்மையானவர்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைப் பாடியவள் நாசரேத்தூர்க்காரி, ஏழைப் பெண். அவள் கொடிக்குக் கீழே மணலில் உட்கார்ந்துதான் அந்த வசனம் எனக்குப் புரிய வேண்டியிருந்திருக்கிறது.

எனக்கு நேர் எதிரே மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் ஒருவர் நின்றார். ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை, கையில் நீளத் துடைப்பம். கொடி ஏறுகிற அந்த நிமிஷம் துடைப்பத்தை இடுக்கில் செருகிக்கொண்டு, வலது கையின் உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். மறுபடி உறையை மாட்டிக்கொண்டு குனிந்து பேப்பர் டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். வேலையிலும் இருந்தார், ஆராதனையிலும் இருந்தார். ஞாயிறு காலையில் டியூட்டி இருக்கிற எத்தனை பேர் ஆலயத்துக்கு வர முடியாமல் போகிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

பிறகு திறந்தவெளித் திருப்பலி. கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. அவர்கள் அவர்களுடைய வார்த்தைகளில் சொன்னார்கள், நான் பழகிய வார்த்தைகளில் சொன்னேன். "தீமையிலிருந்து" என்ற இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நாங்கள் அங்கே நிற்பதில்லை, "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்வோம். என் குரல் மட்டும் தனியாகப் போனது. ஆபீஸ் பையன் திரும்பிப் பார்த்தான். மீனவக் குடும்பத்துப் பெரியம்மா மட்டும், "சொல்லு தாயி, முடிச்சிடு" என்றார். முடித்தேன். அவர் ஆமென் சொன்னார்.

குறைகளும் உண்டு. அவ்வளவு கூட்டத்தில் வயதானவர்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒலிபெருக்கியில் பிரசங்கம் காற்றில் பாதி அடித்துப் போனது. நாம் விட்டுவிட்டு வந்த குப்பையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பணியாளர் விடியும் வரை பெருக்கியிருப்பார். வேண்டுதலுக்கு நடந்து வருகிறவர்கள் தங்கள் பாட்டிலைத் தாங்களே பையில் போட்டுக்கொண்டு போனால் அதுவும் காணிக்கைதான் என்று ஒவ்வொரு கோயிலிலும் சபையிலும் சொல்ல வேண்டும்.

எங்கள் சபைக் கூட்டத்தில் பேசுவதற்கு ஒன்று முடிவு செய்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறாவது ஆராதனையை ஆலய வளாகத்து மரத்தடியில், பாய் விரித்து நடத்தலாம். பெஞ்சுகளை வெளியே தூக்கிக்கொண்டு வரக் கூடாது. கேட்பார்களா தெரியாது. கேட்பேன்.

அன்றிரவு அம்மாவுக்கு போன் போட்டேன். "ஆர்.சி. கோயிலுக்கா போன?" என்றார் முதலில். "நாம மாதாவக் கும்பிடலாமாட்டி?" கும்பிடவில்லை, ஆண்டவரிடம்தான் ஜெபித்தேன், மாதா கோபித்துக்கொள்ளவில்லை என்றேன். சிரித்தார். அப்புறம், கூட்டம் எவ்வளவு, பாட்டு என்ன பாடினார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மணலைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது பெஞ்சைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

திருவிழா முடிவதற்குள் வந்துவிடுங்கள் என்றேன். தம்பி நெல்லை எக்ஸ்பிரஸில் தட்கால் போட்டிருக்கிறான். கடைசி நாள் வேண்டாம், நடுவில் நவநாள் ஜெபம் நடக்கிற ஒரு சாதாரண நாள் சாயங்காலமாகப் போனால் நெரிசல் குறைவு என்கிறார் அக்கா. அம்மாவால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. நாளைக்குப் புரசைவாக்கம் போய் ஒரு மடக்கு ஸ்டூல் வாங்க வேண்டும்.